பல் டாக்டர் போட்ட 'சரி'

1

இது ஒரு மன்னிப்புக் கடிதமாகத் தொடங்கியது. நாற்பத்து மூன்று பேருக்கு எழுதவேண்டிய கடிதம். மூன்று வரிக்கு மேல் போகவில்லை. 'அன்புள்ள நண்பர்களுக்கு' ஒரு வரி. 'அனைவரும் நலம் என நம்புகிறேன்' ஒரு வரி. 'ஒரு விஷயம்' என்று ஒரு வரி. நாலாவது வரியில் என்ன விஷயம் என்று சொல்லியாகவேண்டும். கதை என்றால் அந்தத் தொல்லை இல்லை. விஷயத்துக்கு வர நாலு பக்கம் எடுத்துக்கொள்ளலாம், வாசகரும் அதை நடை என்று நினைத்துக்கொள்வார்.

ஆகவே கதை. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் குழுவிலிருந்து ஒரு பல் டாக்டரை நீக்கப் போகிறார்கள். பொய் சொன்னார் என்பது குற்றச்சாட்டு. அவர் பொய் சொல்லவில்லை. அவரைத் தவிர அது தெரிந்த ஒரே ஆள் நான். இன்று வியாழன்.

2

குழு என்ன குழு என்று சொல்லவில்லை. கிட்டாருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே, தரையில், காலால் மிதிக்கிற ஒரு சின்ன அலுமினியப் பெட்டி வைப்பார்கள். பெடல் என்று பெயர். மிதித்தால் ஒலி கிழியும், அல்லது எதிரொலிக்கும், அல்லது அலையும், பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட்டைப் பொறுத்தது. கடையில் கிடைக்கும். நாங்கள் கடையில் வாங்க மாட்டோம், வீட்டில் செய்வோம். ஒருவர் படம் வரைந்து குழுவில் போடுவார். மற்றவர்கள் அதைப் பார்த்து, ஈயத்தை உருக்கி, ஒவ்வொரு உறுப்பாகப் பற்றவைப்பார்கள். எங்களில் பாதிப் பேருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. அதை யாரும் ஒரு குறையாக நினைப்பதில்லை.

சட்டம் இரண்டே இரண்டு. ஒன்று, மறைக்கக் கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் மூடியைக் கழற்றிக் காட்டவேண்டும். இரண்டு, புதுப் படம் வந்தால் அதை முதலில் செய்து பார்க்கிறவர் ஒலிப்பதிவோடு 'சரி' என்று ஒரே ஒரு சொல் போடவேண்டும். அந்தச் 'சரி' விழுகிறவரை மற்றவர்கள் சாமான் வாங்க மாட்டார்கள். விழுந்தபின் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். செய்யாமலே 'சரி' போட்டவருக்கு ஒரே தண்டனை, வெளியே போகவேண்டியதுதான்.

நான் பாடப்புத்தகங்கள் அச்சாகும் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். பத்தொன்பது வருடமாக அதுதான் வேலை. குழுவில் என் பட்டப்பெயர் புரூஃப். இந்தத் தகவலை இங்கே வைப்பதா, கடைசியில் வைப்பதா என்று கொஞ்சம் யோசித்தேன். இங்கேயே வைத்துவிட்டேன். பிறகு சிரிக்கவேண்டியதை நீங்கள் இப்போதே சிரித்து முடித்துவிடலாம்.

3

தொடக்கங்கள் மூன்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன், ஆனால் தூக்கிப் போட மனம் வரவில்லை.

முதல் தொடக்கம்: 'கிளினிக்கில் அன்று கூட்டமே இல்லை. பல் டாக்டர் ஜன்னலோரம் நின்று மழையையே—'

[மழை பெய்யவில்லை. எழுத்து ஓடவில்லை என்றால் மழையைக் கூப்பிடுகிற பழக்கம் எனக்கு உண்டு.]

இரண்டாவது: 'தவறு எங்கே நடந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.'

[எனக்குத் தெரியும். ஆறு சொல்லில் ஒரு வாக்கியம், ஆறும் பொய்.]

மூன்றாவது: 'பதினோரு பேர் ஏமாற்றப்பட்டார்கள்.'

மூன்றாவதை மட்டும் என் மனைவியிடம் கொடுத்தேன். அவள் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் இருக்கிறாள். விபத்தைப் பற்றி ஆட்கள் எழுதி அனுப்பும் கடிதங்களைப் படித்து, அது எழுதியபடிதான் நடந்ததா என்று சொல்வது அவள் வேலை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

"ஏங்க, பதினோரு பேர் ஏமாற்றப்பட்டாங்கன்னு இருக்கு. யார் ஏமாத்தினதுன்னு இல்லையே?"

"அது போகப் போகத் தெரியும்."

"எங்க ஆபீசுக்கும் இப்படித்தான் எழுதி அனுப்புவாங்க. 'வண்டி சுவரில் மோதப்பட்டது'ன்னு. யார் ஓட்டினாங்கங்கிறது மூணாவது பக்கத்துலதான் வரும். பாத்தா, கடிதம் எழுதினவரே அவராத்தான் இருப்பாரு."

காகிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு அவள் துணி உலர்த்தப் போனாள். நான் நாலாவது தொடக்கம் எழுதினேன். அதுதான் மேலே முதல் பகுதியாக இருப்பது.

4

நடந்தது இது. ஒலியைக் கிழிக்கிற பெட்டி ஒன்றுக்கு நான் பென்சிலால் ஒரு படம் போட்டு, அதைப் பார்த்தே செய்தும் முடித்தேன். அருமையாக ஒலித்தது. பிறகு குழுவுக்காக அந்தப் படத்தைக் கணினியில் சுத்தமாக வரைந்தேன். அந்தச் சுத்தப் பிரதியில்தான் சனி புகுந்தது.

பெட்டிக்குள் இரண்டு டிரான்சிஸ்டர்கள். டிரான்சிஸ்டர் என்பது மூன்று கால் வைத்த, அரைப் பொத்தான் அளவுள்ள கறுப்புச் சாமான். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. தட்டை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது முக்கியம். வலப்பக்கம் பார்க்கவேண்டும். நான் இரண்டையும் இடப்பக்கம் பார்க்கும்படி வரைந்துவிட்டேன். ஊரார் பிரதியையெல்லாம் மூன்று முறை படிக்கிறவன் தன் பிரதியை ஒரு முறைகூடப் படிக்காமல் குழுவில் ஏற்றினேன்.

மூன்றாம் நாள் பல் டாக்டரின் 'சரி' விழுந்தது.

[இந்தப் பாத்திரத்தைப் பற்றி எனக்கே சந்தேகம் உண்டு. கதைக்கென்று செய்த ஆள் மாதிரி இருக்கிறார். நாலு வருடத்தில் ஏழு பெட்டி செய்தவர், ஒன்றுகூட முதல் தடவை ஒலித்ததில்லை. ஒவ்வொரு முறையும் குழுத் தலைவர், லிஃப்ட் பழுதுபார்ப்பவர், லிஃப்ட் என்றே அழைக்கப்படுபவர், அதே பதிலைத்தான் சொல்வார்: "டாக்டர், டிரான்சிஸ்டரத் திருப்பி வச்சிருக்கீங்க." காரணமும் உண்டு. பல் மருத்துவர்களின் வாய்ப்படத்தில் நோயாளியின் வலப்பக்கம் தாளின் இடப்பக்கத்தில் இருக்கும், எதிரே நின்று பார்ப்பதால். இருபத்திரண்டு வருடம் அப்படியே பார்த்துப் பழகிய கண். பலகையில் துளைகளுக்கு எண் போட்டிருக்கும், அதில் தப்ப மாட்டார். தட்டைப் பக்கத்துக்கு எண் கிடையாது.]

அவருடைய ஒலிப்பதிவு நாற்பது விநாடி. பின்னணியில் பல் துளைக்கிற கருவியின் கம்ப்ரஸர் உறுமிக்கொண்டிருந்தது. ஆனால் கிட்டார் ஒலி பிரமாதமாகக் கிழிந்தது. அதை நம்பிப் பதினோரு பேர் செய்தார்கள். பதினோரு பெட்டியும் கொசு மாதிரி ரீங்கரித்தன.

திருப்பி வைத்துப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஒருவர் கேட்கத்தான் செய்தார். "புரூஃப் சார் வரைஞ்ச படத்துல தப்பா?" என்று மற்றவர்கள் அவர் வாயை அடைத்துவிட்டார்கள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஒருவராவது சொல்லியிருந்தால் நான் அன்றே ஒப்புக்கொண்டிருப்பேன். யாரும் சொல்லவில்லை. நாலாவது புகார் வந்த காலை, பென்சில் படத்தையும் சுத்தப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். காபி ஆறிப்போனது. ஒன்றும் எழுதாமல் போனை அணைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அதற்கு இப்போது ஐந்து வாரம்.

அதற்குள் சந்தேகம் டாக்டர் பக்கம் போய்விட்டது. பதினோரு பேருக்கு ஒலிக்காதது இவருக்கு மட்டும், அதுவும் இவருக்கு, எப்படி ஒலித்தது? பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார்கள். அவர் அனுப்பிய புகைப்படத்தில் உள்ளே முழுக்க இளஞ்சிவப்பாக இருந்தது. பல்செட்டுக்கு ஈறு செய்கிற பிசினைக் கலந்து ஊற்றியிருந்தார், அதைப் பெயர்த்தால் பலகையும் சேர்ந்து வரும்.

"பொண்ணு மேடைக்கு எடுத்துட்டுப் போறா. வயர் விட்டுடக் கூடாதுன்னு ஊத்திட்டேங்க" என்று எழுதினார்.

எங்களிடம் பிசின் ஊற்றி மூடுவது என்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது. லிஃப்ட் ஒரு குரல் பதிவு போட்டார்: "டாக்டர், உள்ள கடைச் சாமான் ஏதோ இருக்கு, அதான் மூடிட்டீங்கன்னு எல்லாரும் பேசிக்கிறாங்க. எனக்குச் சொல்லவே சங்கடமா இருக்கு. ஞாயித்துக்கிழமை வாங்க, பேசிடுவோம்."

5

போன செவ்வாய்க்கிழமை நான் கிளினிக்குக்குப் போனேன், சொல்லிவிடுவது என்றுதான். வெறுங்கையோடு போய் நிற்கத் தயக்கமாக இருந்ததால் பல் வலி என்று சொன்னேன். வலி கிடையாது. அவர் பார்த்துவிட்டு, கடைவாயில் நிஜமாகவே ஒரு சொத்தை இருக்கிறது என்றார். மரத்துப்போக ஊசி போட்டு, இரண்டு கன்னத்திலும் பஞ்சை அடைத்தார்.

அதன்பிறகு அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்து வந்து, மூடியைக் கழற்றி, எனக்கு மேலே இருந்த விளக்கில் காட்டினார்.

"நீங்களாவது பாருங்கண்ணா. ஒரு உறுப்பு மாத்தல. உங்க படத்த அப்படியே வச்சுத்தான் செஞ்சேன்."

பிசினுக்கு மேலே, புகைப்படத்தில் தெரியாத இரண்டு கறுப்புத் தலை மட்டும் எட்டிப் பார்த்தன, பாதி முளைத்த கடைவாய்ப்பல் மாதிரி. இரண்டின் தட்டைப் பக்கமும் வலப்பக்கம் பார்த்தன. நான் தப்பாக வரைந்ததை, அவர் வழக்கம்போலத் தப்பாகப் பார்த்து, சரியாக வைத்திருந்தார்.

"நாலு வருஷமா நான் செஞ்சது எதையும் எம் பொண்ணு தொட்டதில்ல. 'மேடைல நின்னு போச்சுன்னா மானம் போயிடும்ப்பா'ம்பா. இதத்தான் எடுத்துட்டுப் போறா. எங்கப்பா செஞ்சதுன்னு பிரெண்ட்ஸ்கிட்ட சொல்றாளாம். போட்ட உடனே வேலை செஞ்சுதுண்ணா. நானே நம்பல. ரெண்டு தடவை அணைச்சுப் போட்டேன்."

"ஆ" என்றேன். பஞ்சு இருந்தது.

சொத்தையை அடைத்துப் பஞ்சை எடுத்தபின் எனக்கு வாய் இருந்தது. ஒரு நிமிடம் முழுசாக இருந்தது. 'டாக்டர், அந்தப் படத்துல—' என்று தொடங்கவேண்டும், அவ்வளவுதான். "நல்லா இருக்கு டாக்டர்" என்றேன்.

"ஒரு மணி நேரத்துக்கு எதுவும் மெல்லாதீங்க" என்றார்.

படிக்கட்டில் இறங்கும்போது என்னை நானே அறைந்துகொள்ளவேண்டும் போல இருந்தது. மரத்துப்போன கன்னமாக இருந்ததால் பயன் இல்லை.

*

[அடிக்குறிப்பாகப் போகவேண்டியது, ஆனால் யாரும் அடிக்குறிப்பைப் படிப்பதில்லை: சிக்கல் இதுதான். 'என் படம் தப்பு' என்று மட்டும் நான் சொன்னால், அந்தப் படத்தை வைத்து யாரும் ஒலிக்கிற பெட்டி செய்திருக்க முடியாது, ஆகவே டாக்டர் பொய்யர் என்பது உறுதியாகிவிடும். 'டாக்டரும் திருப்பி வைத்தார்' என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அவர் தப்புவார். ஆனால் அப்போது அவர் வாழ்க்கையில் முதல் தடவையே ஒலித்த ஒரே பெட்டி, அவர் தப்பாகச் செய்ததால் ஒலித்தது என்று ஆகிவிடும். அதை மகளும் கேட்பாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழியைத் துடைக்கிற துணியே அழுக்கு.]

6

முடிவுகள்.

முதல் முடிவு: ஞாயிறன்று நான் எழுந்து எல்லாவற்றையும் சொல்கிறேன். கூட்டம் ஒரு கணம் அமைதியாகிறது. பிறகு யாரோ சிரிக்க, எல்லோரும் சிரிக்க, டாக்டரும் சிரிக்க— [எங்கள் ஆட்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லர். மூன்று வருடத்துக்கு முன் ஒருவர் திருப்புளியைத் திருப்பித் தராததை லிஃப்ட் இன்னும் மறக்கவில்லை.]

இரண்டாவது முடிவு: நான் ஒன்றும் சொல்லவில்லை. டாக்டரை நீக்குகிறார்கள். அதைக் கண்டித்து நானும் விலகுகிறேன். கண்ணியமாகப் படியிறங்குகிறேன்.

இரண்டாவதை மனைவி படித்தாள்.

"உங்களுக்கே வெக்கமா இல்ல?"

"கதைதானே."

"சொல்லாம இருக்கீங்களே, அது அவருக்காகவா, உங்களுக்காகவா?"

"ரெண்டு பேருக்காகவும்."

"யாருக்கு எவ்வளவு?"

பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டேன். அவருக்காக என்பது கால் பங்கு இருக்கும். மீதி முக்கால், 'புரூஃப் சார் படத்துல தப்பா?' என்று அவர்கள் கேட்ட அந்தக் குரல். அதை இழக்க எனக்கு மனமில்லை. எழுதிவிட்டேன். எழுதினால் லேசாக இருக்கும் என்பார்கள், இல்லை.

"முதல்ல அவர்கிட்ட கொண்டு போய்க் காட்டுங்க" என்றாள். "பெட்டி அவரோடது."

[இப்போது வெள்ளி.]

7

ஒன்று முதல் ஐந்து பகுதிகளை அச்செடுத்துக்கொண்டு மதிய இடைவேளையில் போனேன். டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றாமல், நோயாளி உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து படித்தார். கண் மட்டும்தான் தெரிந்தது. கண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நாவல்களில் சொல்வார்கள், நம்பாதீர்கள்.

படித்து முடித்து, தாள்களைத் தட்டி அடுக்கினார்.

"நாலாம் பகுதில ஏழு பெட்டின்னு போட்டிருக்கீங்க. எட்டுண்ணா."

"திருத்திடறேன்."

[திருத்தவில்லை. அவர் சொன்னதை நீங்கள் கேட்கவேண்டும் என்பதற்காக ஏழு என்றே விட்டிருக்கிறேன்.]

"அஞ்சு வாரமாத் தெரியுமா?"

"தெரியும்."

"எனக்கு வீட்டுல தூக்கம் இல்ல, தெரியுமா? எம் பொண்ணு கேக்குறா, 'அப்பா, கடையில வாங்கி மாத்தி வச்சுட்டியா, சொல்லு, நான் கோச்சுக்க மாட்டேன்'னு. அப்படிக் கேக்குறா."

"மன்னிச்சுடுங்க டாக்டர்."

கடைசியில் சொல்லியே விட்டேன். இரண்டே சொல்தான், ஐந்து வாரமாக இத்தனை பக்கம் சுற்றியிருக்கிறேன்.

அவர் எழுந்து கை கழுவினார். வெகுநேரம் கழுவினார், சோப்பை விரல் இடுக்கிலெல்லாம் போட்டு. முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார்.

"அப்ப அது நான் சரியா செஞ்சது இல்ல."

"ஒலிக்குதே டாக்டர்."

"அது எனக்கும் தெரியுது." குழாயை மூடினார். "அண்ணா, ஒரே ஒரு இடம் மாத்துவீங்களா? நான் தெரியாமத் திருப்பி வச்சேன்னு இருக்கு. தெரிஞ்சே வச்சேன்னு போட்டுடுங்க. உங்க படத்துல தப்பு இருக்கிறதப் பாத்தேன், நானாத் திருத்தி வச்சேன். சொன்னா உங்க மனசு நோகுமேன்னு வெளிய சொல்லல. அவ்வளவுதான். பதினோரு பேரும் கொஞ்சம் திட்டுவாங்க, திட்டட்டும். மரியாதைக்காகச் சொல்லாம விட்டான்னு திட்டுவாங்க. அது பரவால்ல."

"பொய் ஆச்சே டாக்டர்."

"கதைதானேண்ணா." திரும்பினார். கவசத்தைக் கழற்றியிருந்தார், முகம் வற்றிப்போயிருந்தது. "அவ ஞாயித்துக்கிழமை வரேன்னு சொல்லியிருக்கா. எல்லார் முன்னாடியும் வாசிச்சுக் காட்டறாளாம். வேண்டாம்னு சொல்லிப் பாத்துட்டேன்."

8

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "தப்பப் பாத்தவரு, 'சரி'ன்னு எதுக்குப் போட்டாராம்? இது என் மேசைக்கு வந்திருந்தா நிராகரிச்சிருப்பேன்."

"உன் மேசைக்கு வரலையே."

"உங்க மேசைல இருக்கு" என்றாள். பிறகு, போகிற போக்கில், "அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு?" என்று கேட்டாள்.

"பத்தொன்பது, இருபது இருக்கும்."

அவள் துண்டை மடித்துக் கொடியில் போட்டாள். நிராகரித்தாளா, ஒப்புக்கொண்டாளா என்று இன்னும் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை உட்கார்ந்து டாக்டர் கேட்டபடி ஒரு பிரதி செய்தேன். கிளினிக் காட்சி முழுவதும் போயிற்று, அதற்குப் பின் வந்த இந்த மூன்று பகுதிகளும் போயின. நாலாம் பகுதியின் அடைப்புக்குறிக்குள் இருந்த வாய்ப்படமும் போயிற்று. 'டாக்டர் பிழையைக் கண்டுகொண்டு தெரிந்தே திருப்பி வைத்தார்' என்று ஒரு வரி உள்ளே வந்தது. பத்தொன்பது வருடத்தில் தப்பைச் சரியாக்கித்தான் பழக்கம். சரியைத் தப்பாக்குவது இதுவே முதல் தடவை, ஆனாலும் வழக்கம்போல மூன்று முறை படித்துப் பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை. என் தவறு மட்டும் இரண்டு பிரதியிலும் அப்படியே இருக்கிறது. அதில் கை வைக்கவில்லை, அதையாவது என் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாளை பத்து மணிக்கு நான் வாசிக்கப்போவது அந்தப் பிரதியை. நீங்கள் படித்தது இதை. ஆகவே முடிவு என்னிடம் இல்லை. கூட்டம் எல்லோருக்கும் பொது, லிஃப்ட் வைத்திருக்கும் கடைக்கு மேல்மாடி, படி கொஞ்சம் செங்குத்தாக இருக்கும், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். நான் வாசித்து முடித்ததும் லிஃப்ட் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வேற யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்பார். நடந்தது முழுக்கத் தெரிந்தவர் நீங்கள், தாராளமாக எழுந்து நிற்கலாம். நான் தடுக்கமாட்டேன், மறுக்கவும் மாட்டேன். முன்வரிசையில் ஒரு பெண் மடியில் கிட்டாரோடும் காலடியில் அலுமினியப் பெட்டியோடும் உட்கார்ந்திருப்பாள். சொல்வதாக இருந்தால் எங்களைப் பார்க்கவேண்டாம், அவளைப் பார்த்துச் சொல்லுங்கள்.